கைமாறிய பாட்டுகள்

நாட்டார் பாடல்களைத் தேடிக் கண்டெடுத்து, அதே ருசியுள்ள இன்னொருவருக்குக் கேட்கக் கொடுக்கும் வழக்கம் ஒலிப்பதிவுக் கருவியோடு பிறந்தது. அதற்கு முன்பும் ஊர் ஊராகப் போய்ப் பாடல் சேகரித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்தவை தாளில் எழுதிய சொற்களும் சுரக்குறிப்பும்தான். பாடியவரின் குரல் அந்த ஊரிலேயே நின்றுவிட்டது. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். 1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தக் கருவியை மெய்ன் மாநிலத்துக்கு எடுத்துச் சென்று, பாசமக்வாடி பழங்குடியினரின் பாட்டையும் பேச்சையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். மக்கள் வாழும் இடத்துக்கே போய்ச் செய்த முதல் களப்பதிவாக அதைக் கருதுகிறார்கள்.

மெழுகு உருளையில் இரண்டு மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி மெழுகைத் தேய்த்துவிடுவது. நண்பர்களைக் கூப்பிட்டு அடிக்கடி போட்டுக் காட்டினால் குரல் மங்கி இரைச்சல் மிஞ்சும். அதனால் ஆரம்பகாலச் சேகரிப்பாளர்கள் கருவியில் பதிந்ததைக் காதால் கேட்டுத் தாளில் எழுதி, அந்தத் தாளைத்தான் பிறருக்குக் கொடுத்தார்கள். ஹங்கேரியின் பேலா பார்ட்டோக் 1904இல் லிடி டோஷா என்ற திரான்சில்வேனியப் பணிப்பெண் பாடியதைத் தற்செயலாகக் கேட்டார். நகரத்து உணவு விடுதிகளில் வாசிக்கப்படுவதே தன் நாட்டின் நாட்டிசை என்று எண்ணியிருந்தவருக்கு, அதற்கு அடியில் அதுவரை தாம் கேட்டிராத வேறொரு இசை இருப்பது அன்றுதான் தெரிந்தது. 1905இல் ஸோல்டான் கோடாயின் நட்பு கிடைத்தது. மறு ஆண்டே இருவரும் ஃபோனோகிராஃபோடு கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். 20 பாடல்களைப் பியானோத் துணையிசையோடு அச்சிட்டும் விட்டார்கள். பார்ட்டோக் பிறகு ருமேனிய, ஸ்லோவாக்கிய ஊர்களுக்கும், 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும், 1936இல் துருக்கிக்கும் போனார். எந்த இனத்தின் பாட்டு என்று பார்த்து அவருடைய காது ஒருபோதும் ஒதுங்கியதில்லை. தேசவெறி தலைக்கேறியிருந்த காலத்தில் ஹங்கேரியர் ஒருவர் ருமேனியப் பாடல்களை இவ்வளவு பரிவோடு சேகரித்தது சிறிய காரியமல்ல.

இங்கிலாந்தில் நாட்டுப்பாடல் இயக்கத்தின் தலைவராக விளங்கிய செசில் ஷார்ப் கருவியைவிடத் தன் காதையும் பென்சிலையும் நம்பினார். ஆஸ்திரேலியரான பெர்சி கிரெய்ஞ்சர் அப்படி இல்லை. அவர் 1906இல் லிங்கன்ஷயரில் ஃபோனோகிராஃப் வைத்துப் பதிந்தார். அங்கே கிடைத்த ஜோசப் டெய்லர் என்ற எழுபதைத் தாண்டிய பாடகரை லண்டனுக்கு அழைத்துப் போய், 1908இல் கிராமஃபோன் கம்பெனி இசைத்தட்டில் பாடவைத்தார். சுரக்குறிப்பில் ஏறாத அசைவுகள், நெளிவுகள், மூச்சுவிடும் இடம் எல்லாம் அந்தத் தட்டுகளில் இருக்கின்றன. டெய்லரின் பெயரும் தட்டில் இருக்கிறது. இந்த வரலாற்றில் அது முக்கியமான செய்தி.

உருளைத் தேய்மானத்துக்கு ஒரு வழி கண்டவர்கள் பெர்லின்காரர்கள். கார்ல் ஸ்டும்ஃப் 1900இல் அந்நகருக்கு வந்திருந்த சயாம் நாட்டுக் கலைஞர்களின் இசையைப் பதிவுசெய்தார். அந்தச் சில உருளைகளிலிருந்து பெர்லின் ஒலிக்காப்பகம் வளர்ந்தது. உருளையின் மேல் செம்பைப் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அதில் மூல மெழுகு அழிந்துபோகும். ஆனால் அச்சிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் வார்க்கலாம். காப்பகத்தை நடத்திய எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டல் உலகின் பல பகுதிகளிலிருந்து 120 உருளைகளைத் தேர்ந்து ஒரு மாதிரித் தொகுப்பு செய்தார். அதன் பிரதிகள் பிற நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. ‘நான் கண்டுபிடித்ததை நீயும் கேள்’ என்று உலக இசையைத் தொகுத்து வெளியே அனுப்பிய முதல் முயற்சிகளில் ஒன்று அது.

வணிக நிறுவனங்களின் நோக்கம் வேறு. கிராமஃபோன் பெட்டி விற்க வேண்டுமானால் வாங்குபவருக்குப் பழக்கமான பாட்டு வேண்டும். கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவுசெய்தது அதற்காகத்தான். அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர், உக்ரேனியர், போலந்துக்காரர், ஐரிஷ்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர்ப் பாட்டு தட்டாக வந்தது. பெட்டியும் ஒரு மரச்சாமான் என்பதால் தட்டுகள் மரச்சாமான் கடைகளில் விற்றன. கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டுத் தட்டுகளுக்குப் பேர்போன பாராமவுண்ட் நிறுவனமே விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலி கம்பெனியின் கிளை. 1920களில் இந்நிறுவனங்கள் தெற்கு மாநிலங்களுக்குப் போய்க் கிடங்குகளிலும் விடுதி அறைகளிலும் கருவியை வைத்து, வந்தவரைப் பாடச் சொல்லிப் பதிந்தன. ரால்ஃப் பியர் 1927 கோடையில் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டலில் நடத்திய பதிவில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளிப்பட்டார்கள். கறுப்பினத்தவர் தட்டுகளுக்கு ஒரு விலைப்பட்டியல், வெள்ளையர் தட்டுகளுக்கு இன்னொன்று என்று பிரித்தே விற்றார்கள்.

பொருளாதார மந்தத்தில் இந்த வியாபாரம் சரிந்தது. 1927இல் அமெரிக்காவில் சுமார் 10 கோடித் தட்டுகள் விற்றன. 1932இல் ஏறத்தாழ 60 லட்சம். பிறகு போர் வந்தது. அன்றைய இசைத்தட்டு அரக்கால் ஆனது. அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளில் எடுக்கப்பட்டுக் கப்பலேறியது. 1942இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதும், புதுத் தட்டு அடிக்கப் பழைய தட்டுகளை வீடு வீடாக வாங்கி அரைத்தார்கள். அச்சான எண்ணிக்கையே சில நூறாக இருந்த தட்டுகள் பல அப்போது தூளாயின.

தப்பிப் பிழைத்தவற்றைக் காப்பாற்றியவர்கள் சம்பளமோ பதவியோ இல்லாத ரசிகர்கள். பழைய பொருள் கடைகளைக் குடைந்தார்கள். தெற்கு மாநிலக் கிராமங்களில் கதவைத் தட்டி ‘பழைய தட்டு இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். இவர்களுக்குப் பாலமாக இருந்தது ‘ரெக்கார்ட் சேஞ்சர்’ என்ற மாத இதழ். தேவைப்படும் தட்டுகளின் பட்டியலை அதில் விளம்பரமாகப் போட்டுப் பண்டமாற்று செய்தார்கள். புரூக்ளினில் ஒரு விடுதி அறையில் தனியே வாழ்ந்த ஜேம்ஸ் மக்யூன் இவர்களில் முன்னோடி. அவரிடம் இருந்தவை சில நூறு தட்டுகள்தான். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார். ஜாஸ் தட்டுகளையே மற்றவர்கள் துரத்திக்கொண்டிருந்த 1940களில் சார்லி பாட்டன் போன்ற மிசிசிப்பி கிராமத்துப் பாடகர்களைக் கேட்டு, வருகிறவர்களையெல்லாம் கேட்கவைத்தார். கிராமிய ப்ளூஸ் ஒரு பெருங்கலை என்ற இன்றைய மதிப்பீட்டில் பெரும்பகுதி அந்தக் கட்டிலடிப் பெட்டியிலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பணிபுரிந்த ஆலன் லோமாக்ஸ் 1940இல் இன்னொரு வேலை செய்தார். தந்தை ஜான் லோமாக்ஸோடு 1933 முதல் சிறைச்சாலைகளிலும் தோட்டங்களிலும் கருவியைச் சுமந்துபோய்ப் பதிந்தவர் அவர். கடையில் விற்ற தட்டுகளிலும் உண்மையான நாட்டுப்பாடல் இருக்கிறது என்று உணர்ந்து, 3,000க்கும் மேற்பட்ட தட்டுகளைக் கேட்டு, அவற்றில் 350 அளவில் பொறுக்கி ஒரு பட்டியல் தயாரித்தார். அப்பட்டியல் ஆர்வலர்களிடையே பரவியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தட்டு தேடியவர்களில் ஒருவர் ஹாரி ஸ்மித்.

ஸ்மித் 1923இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே அக்கம்பக்கத்து லம்மி பழங்குடியினரின் சடங்குப் பாடல்களைப் பதிந்தவர். ஓவியர், சோதனைத் திரைப்படக்காரர், எப்போதும் கையில் காசில்லாதவர். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்குக்கு வந்து, தன் தட்டுகளை மோசஸ் ஆஷ் என்பவரிடம் விற்கப் பார்த்தார். இத்திஷ் நாவலாசிரியர் ஷோலம் ஆஷின் மகனான மோசஸ், 1948இல் மரியன் டிஸ்ட்லரோடு சேர்ந்து ஃபோக்வேஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தட்டை வாங்குவதைவிட அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு செய்யச் சொல்வது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. 1952இல் வெளிவந்த ‘அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பு’ 6 நீள்தட்டுகளில் 84 பாடல்களைக் கொண்டது. பெரும்பாலும் 1927 முதல் 1932 வரை கடையில் விற்ற தட்டுகள். இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அவை வேறொரு யுகத்தின் குரல்களாகிவிட்டிருந்தன.

ஸ்மித் அவற்றைக் கதைப்பாடல்கள், கூட்டத்தில் ஆடவும் தொழவும் உரிய இசை, தனிப் பாடல்கள் என்று மூன்றாக வகுத்தார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று எங்கும் சொல்லவில்லை. விலைப்பட்டியல்கள் பிரித்துவைத்தவர்கள் இங்கே அடுத்தடுத்துப் பாடினார்கள்; கேட்டவர்கள் பலர் யார் யாரென்று ஊகித்துத் தவறினார்கள். கூடவே வந்த கையேடு ஒரு தனிக் கலைப்படைப்பு. ஒவ்வொரு கதைப்பாடலின் கதையையும் செய்தித்தாள் தலைப்பு போல ஒரு வரியில் சுருக்கியிருந்தார். தட்டு எண், பதிவான நாள், பாடியவர், அதே பாட்டின் பிற வடிவங்கள் எல்லாம் அதில் இருந்தன. பழைய நிறுவனங்களிடம் முறையான உரிமை வாங்காமலே ஆஷ் இதை வெளியிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் கித்தார் பிடித்த இளைஞர் தலைமுறைக்கு, பாப் டிலன் உட்பட, இந்தத் தொகுப்பு பாடநூலாயிற்று. ஸ்மித்துக்கு 1991இல் கிராமி விழாவில் சிறப்பு விருது தந்தார்கள், அவ்வாண்டே இறந்தார்.

தட்டோடு பெயரும் விவரமும் இருப்பது வெறும் அலங்காரமில்லை என்பது ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் விஷயத்தில் தெரிந்தது. ஹர்ட் 1928இல் மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் ஓக்கே நிறுவனத்துக்காகப் பாடினார். தட்டுகள் விற்கவில்லை, அவர் தன் ஊருக்குத் திரும்பிக் கூலி விவசாயம் பார்த்தார். ஸ்மித் அவருடைய இரண்டு பாடல்களைத் தொகுப்பில் சேர்த்தார். அவர் எப்போதோ இறந்திருப்பார் என்றே கேட்டவர்கள் நினைத்தார்கள். ஹர்ட்டின் இன்னொரு பழைய பாட்டு தன் ஊர் ஏவலான் என்று சொல்கிறது. சேகரிப்பாளர் வட்டத்தில் அதன் ஒலிநாடாப் பிரதி சுற்றியபோது டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஊரைத் தேடினார். அன்றைய வரைபடங்களில் அது அகப்படவில்லை. பழைய நிலப்படம் ஒன்றில் அகப்பட்டது. 1963இல் அங்கே போய் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். எழுபது வயதை நெருங்கிய ஹர்ட் அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடினார். 1966இல் இறக்கும்வரை புதுத் தட்டுகள் வந்தன. 1964இல் ப்ளூஸ் பாடகர்களான ஸ்கிப் ஜேம்ஸையும் சன் ஹவுஸையும் இப்படித் தேடிப் பிடித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் பாடியவரை, தட்டில் இருந்த பெயரையும் பாட்டில் வந்த ஊரையும் நூலாகப் பிடித்து உயிரோடு கண்டடைந்த அந்த ஆண்டுகள், இசை ரசிகர்களின் வரலாற்றிலேயே மிக அழகான பகுதி.

பெயர் உதிர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சாலமன் லிண்டாவின் கதை உண்டு. ஜூலு இனத்தவரான லிண்டா, ஜோகன்னஸ்பர்க்கில் காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் கூலி வேலை செய்தார். 1939இல் தன் குழுவோடு அதே நிறுவனத்துக்காக ‘எம்பூபே’ என்ற பாட்டைப் பாடினார். பாட்டின் இறுதியில் அவர் அந்த நொடியில் கற்பனை செய்து பாடிய மேல்ஸ்தாயி மெட்டு பிற்பாடு உலகமே முணுமுணுத்த மெட்டு. ஆப்பிரிக்காவில் தட்டு பிரமாதமாக விற்றது. லிண்டாவுக்குக் கிடைத்தது அற்பத் தொகை. காலோ நிறுவனம் அமெரிக்காவின் டெக்காவுக்கு அனுப்பிய தட்டுகள் அங்கே கவனிப்பாரற்றுக் கிடக்க, ஆலன் லோமாக்ஸ் அவற்றை எடுத்து நண்பரான பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். நோய்வாய்ப்பட்டிருந்த சீகர் ‘எம்பூபே’யை மீண்டும் மீண்டும் கேட்டுச் சொற்களை எழுதினார், காதில் விழுந்தபடி எழுதியதில் அது ‘விமோவே’ ஆயிற்று. அவருடைய வீவர்ஸ் குழு 1950களின் தொடக்கத்தில் அதைப் பாடிப் புகழ் பெற்றது. தட்டில் லிண்டா பெயர் இல்லை. குழுவினர் தங்களுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ஒன்று இருந்தது. 1961இல் டோக்கன்ஸ் குழு ஆங்கிலச் சொற்களோடு சிங்கம் உறங்கும் பாட்டாக அதை மாற்றியது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். 1994இல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ படத்திலும் அந்த மெட்டு வந்தது. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் 2000இல் இதை விரிவாக எழுதிய பிறகு லிண்டாவின் மகள்கள் சார்பில் வழக்கு நடந்து, 2006இல் சமரசம் ஏற்பட்டது. லோமாக்ஸும் சீகரும் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். சீகர் பின்னாளில் இதற்காக வருந்தினார். நாட்டுப்பாடல் என்றாலே ஆசிரியர் இல்லாத பொதுச்சொத்து என்ற நினைப்பு, ஜோகன்னஸ்பர்க்கில் உயிரோடு இருந்த ஒரு மனிதரை அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டது.

1950களில் நீள்தட்டு பரவியபின் உலக இசையைத் தொடராக வெளியிடுவது சாத்தியமாயிற்று. லோமாக்ஸ் ஐரோப்பாவில் தங்கிக் கொலம்பியா நிறுவனத்துக்காக நாடுவாரியான வரிசை ஒன்றைத் தொகுத்தார். ஆஷ் 1986இல் இறக்கும்போது ஃபோக்வேஸ் 2,000க்கும் மேற்பட்ட தொகுப்புகளை வெளியிட்டிருந்தது. விற்றாலும் விற்காவிட்டாலும் எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது அவருடைய கொள்கை; ஆங்கில நெடுங்கணக்கிலிருந்து ஓர் எழுத்து குறைவாகப் பயன்படுகிறது என்பதற்காக அதை நீக்கிவிடுவார்களா என்று கேட்பாராம். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1987இல் ஃபோக்வேஸை ஏற்றபோது எல்லாத் தொகுப்புகளும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. தட்டோடு ஒரு விளக்கக் கையேடு வைக்கும் வழக்கமும் அப்படியே காக்கப்பட்டது.

இந்த வழியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நேர்த்தொடர்பு உண்டு. அமெரிக்கரான ராபர்ட் பிரவுன் மிருதங்கத்தை ஆய்வுப் பொருளாக எடுத்து, நடனமணி பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதனிடம் கற்றார். 1960களின் தொடக்கத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உலக இசைத் துறையை உருவாக்கியபோது ரங்கநாதனையே ஆசிரியராக வரவழைத்தார், அவருடைய தம்பி டி. விஸ்வநாதனும் பிற்பாடு அங்கே புல்லாங்குழல் கற்பித்தார். தட்டில் கேட்பதோடு நிற்காமல், அந்த இசைக்காரரின் முன்னால் உட்கார்ந்து கற்க வேண்டும் என்பது பிரவுனின் கொள்கை. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டுக்குப் பாடல் தேர்ந்தவர்கள் லோமாக்ஸையும் பிரவுனையும் கலந்தாலோசித்தார்கள். கேசர்பாய் கேர்க்கரின் பைரவியைப் பரிந்துரைத்தவர் பிரவுன். பல்கேரிய மலைப்பாட்டும், குருட்டுப் பாடகர் வில்லி ஜான்சன் 1927இல் பாடிய தட்டும் அதில் சேர்ந்துகொண்டன.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்ததும் பிரதி எடுப்பது யார் கைக்கும் எட்டியது. மேரிலாண்டின் ஜோ பஸ்ஸார்ட் தன் நிலவறையில் இருந்த பல்லாயிரம் பழந்தட்டுகளிலிருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சிறு தொகை வாங்கிக்கொண்டு ஒலிநாடா பதிந்து அனுப்பினார். பிரதிக்குப் பிரதி எடுத்துச் சுற்றிய கேசட்டுகளில் பெயர் காணாமல் போவதும் சகஜமாயிற்று. பல்கேரியப் பெண்கள் பாடகர் குழுவின் கதை அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் மார்செல் செல்லியே 1975இல் அவர்களது தட்டை வெளியிட்டார். பத்தாண்டு கழித்து அதன் பிரதியின் பிரதி ஒன்றை பௌஹாஸ் ராக் குழுவின் பாடகர் பீட்டர் மர்ஃபி, லண்டனின் 4ஏடி இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸலுக்குக் கேட்கக் கொடுத்தார். கிறங்கிப்போன அவர் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்து 1986இல் மறுவெளியீடு செய்தார். உலகம் அதைக் காலங்காலமான மலைக் கிராமக் குரல் என்று நம்பியது. ஆனால் கிராமத்துப் பாடகிகளைச் சோபியாவுக்கு வரவழைத்து, ஃபிலிப் குட்டெவ் போன்ற இசையமைப்பாளர்கள் 1950கள் முதல் பலகுரல் அமைப்பில் உருவாக்கிய மேடை இசை அது. இசை அதனால் தாழ்ந்துவிடவில்லை. அமைத்தவர்களின் உழைப்புதான் மறைந்தது.

இத்தகைய தட்டுகளைக் கடைக்காரர்கள் எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல் தவித்தார்கள். 1987 ஜூன் 29 அன்று லண்டனில் ‘எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா’ என்ற மதுக்கடையின் மாடியில் சிறு நிறுவனத்தார், வானொலியாளர் சார்லி ஜில்லெட், பத்திரிகையாளர் சிலர் கூடி, ‘உலக இசை’ என்று பெயர்ப்பலகை வைக்கலாம் என்று வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். விளம்பரத்துக்குத் திரட்டிய பணம் 3,500 பவுண்டு. விற்பனை கூடியது. கேட்கக் கொடுக்கும் வேலையை ஜில்லெட் வானொலியில் 2010இல் இறக்கும்வரை செய்தார்.

பதிவுகளைப் பாடியவர்களிடமே திரும்பக் கொண்டுபோகும் எண்ணமும் இக்காலத்தில்தான் வலுப்பெற்றது. டச்சு அறிஞர் ஆர்னால்டு பாக்கே 1938இல் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய பகுதிகளில் பாட்டும் கூத்தும் பதிந்தார். அவருடைய மாணவர் நஸீர் ஜைராஸ்பாய், ஏமி காட்லினோடு 1984இல் அதே ஊர்களுக்குப் போய்ப் பழைய பதிவுகளைப் போட்டுக்காட்டி, எது நிலைத்தது எது மாறியது என்று கேட்டறிந்தார். பாக்கே ஊரையும் சமூகத்தையும் குறித்துவைத்ததால் இது முடிந்தது. இதற்கு நேர் எதிராக, சாலமன் தீவுகளில் ஹ்யூகோ ஸெம்ப் பதிந்த அஃபுனாக்வா என்ற பெண்ணின் தாலாட்டை 1992இல் டீப் ஃபாரஸ்ட் குழு நடன இசையில் கலந்து விற்றது. பல லட்சம் பேர் கேட்டார்கள், அஃபுனாக்வா யாரென்று கேட்டவர்களுக்குத் தெரியவில்லை.

லோமாக்ஸ் 1940களின் பிற்பகுதி முதல் பதிந்தவற்றில் 17,000க்கும் மேற்பட்டவை 2012இல் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டன. நாள், ஊர், பெயர் எல்லாம் கூடவே இருக்கின்றன. தனிமனிதர் கண்டெடுப்புகளும் இணையம் வழியே ஊர் கடந்தன. கானாவில் படிக்கப் போன பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே தெருவில் வாங்கிய ஒரு கேசட்டை 2006இல் பொதுவில் கேட்கவைத்தார். அட்டா காக் என்பவர் 1994இல் மிகச் சில பிரதிகளே வெளியிட்ட தொகுப்பு அது. உலகெங்கும் ரசிகர்கள் சேர, ஷிம்கோவிட்ஸ் பல ஆண்டுகள் பாடகரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒப்பந்தம் செய்து, 2015இல் முறையாக மறுவெளியீடு செய்தார். அதன்பின் அட்டா காக் வெளிநாட்டு மேடைகளில் பாடத் தொடங்கினார். அவரிடம் இருந்த மூல நாடா அதற்குள் கெட்டுப்போயிருந்தது. மறுவெளியீட்டுக்குப் பயன்பட்டது தெருவில் வாங்கிய அந்தக் கேசட்தான்.